சூழற்றொகுதி படித்தவருக்குக் கொழும்பில் என்ன வேலை?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்காமல் போனால், வீட்டார் மனதைத் தேற்றிக்கொண்டு விஞ்ஞான பீடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் என்று ஏதோ ஒரு கலவையில் மூன்று நான்கு வருடம் ஓடிவிடும். பட்டத்தோடு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ திரும்பி வந்தால், "சரி, இனி என்ன?" என்று கேட்பார்கள். ஆசிரியர் நியமனம், மருந்துக் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை, இல்லாவிட்டால் ஒரு வங்கி. பெரும்பாலும் பேச்சு இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும்.

நான்காவதாகவும் ஒரு வழி உண்டு. சூழற்றொகுதி விஞ்ஞானம் (உயிர்களையும் அவற்றின் சூழலையும் சேர்த்து ஆராய்வது), நிலைபேறு (வளம் தீர்ந்துபோகாமல் பயன்படுத்துவது), சுற்றாடல் முகாமைத்துவம் என்று வெவ்வேறு பெயர்களில் நடக்கும் முதுமாணிப் படிப்புகள். "மரம் நடுறதுக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்?" என்று மாமாமார் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மரம் நடுவதற்கு முதுமாணி தேவையில்லைதான். நட்டது ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க ஆள் தேவை. அது உயிரோடு இருந்தால் எவ்வளவு காபனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வங்கியோ நீதிமன்றமோ ஒப்புக்கொள்ளும் விதத்தில் எழுதிக் கொடுக்கவும் ஆள் தேவை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இந்தத் துறையில் வேலை இருக்கிறது. நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் அது குறைவு, தேடாத இடத்தில் கூடுதல். அது இயற்கையை நேசிப்பவருக்குப் போவதை விட, அளக்கத் தெரிந்தவருக்கும் அளந்ததைக் கணக்காக எழுதத் தெரிந்தவருக்கும்தான் போகிறது. ஆகவே முதுமாணி ஒன்றைத் தேர்வு செய்யும்போது அதன் பெயரைப் பார்ப்பதில் பயனில்லை. அது எதை அளக்கக் கற்றுத் தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வரவும் செலவும்

சூழற்றொகுதி என்ற கருத்தை 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்தார். உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இது வேலையின் தன்மையையே மாற்றிவிட்டது. ஒரு காட்டில் என்னென்ன மரம், என்னென்ன பறவை என்று பட்டியல் போடுவது ஒருவகை ஆய்வு. அந்தக் காட்டுக்குள் வருடத்துக்கு எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு நைதரசன் வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, மிச்சம் எங்கே தங்குகிறது என்று கேட்பது வேறுவகை. காலி வீதிக் கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டும் முன் வரவு செலவைச் சரிபார்க்கிறாரே, ஏறத்தாழ அதே வேலைதான். கணக்கு இடித்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹபர்ட் புரூக் காடு. 1963இல் அங்கே ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. சிறு சிறு நீரேந்து பகுதிகளைத் தெரிவுசெய்து, மழையில் என்ன வருகிறது, ஓடையில் என்ன போகிறது என்று அளந்தார்கள். பிறகு ஒரு பகுதியில் மரம் முழுவதையும் வெட்டிச் சாய்த்து, மீண்டும் முளைக்காதபடி மருந்தும் அடித்தார்கள். ஓடை நீரில் நைதரசனின் ஒரு வடிவமான நைத்திரேற்று பன்மடங்கு ஏறியது. காரணம் புதிரானதல்ல. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இலைக்குப்பையை உடைத்து நைத்திரேற்றை உண்டாக்கிக்கொண்டே இருந்தன. உறிஞ்சி எடுக்க வேர் இல்லை. மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.

இதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது மழையோடும் இறைப்பு நீரோடும் கீழே இறங்கிக் கிணற்றில் சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தோட்டக் காணிகளை அண்டிய பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நியூ ஹாம்ப்ஷயரில் வேர் இல்லாததால் நடந்தது இங்கே உரம் கூடியதால் நடக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

கணக்குப் பார்க்காமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2021ஐ விடப் பெரிய பாடம் நம் நாட்டில் இல்லை. 2019 ஒக்டோபரில் இதே கொழும்பில்தான் பல நாடுகள் கூடி, நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று கொழும்புப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. விரயத்தைக் குறைப்பது என்றால் பயிருக்குப் போகாமல் காற்றிலும் நீரிலும் தப்பும் பகுதியைக் குறைப்பது. இரண்டு வருடம் கழியவில்லை, இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். கூட்டெருவில் அது சாதாரணமாக ஒன்று, இரண்டு சதவீதம்தான். ஒரு ஹெக்டயர் வயலுக்கு 100 கிலோ நைதரசன் தேவை என்று வைத்துக்கொள்வோம். யூரியா என்றால் ஏறத்தாழ 217 கிலோ. ஒன்றரைச் சதவீதக் கூட்டெரு என்றால் ஆறரைத் தொன்னுக்கு மேல். அதுவும் மெதுவாகத்தான் கரையும், பயிர் கேட்கும் வாரத்தில் எல்லாம் கிடைக்காது. இவ்வளவு எருவை எங்கே தயாரிப்பது, எந்த லொறியில் ஏற்றுவது என்று யாரும் வரவுப் பக்கத்தில் எழுதிப் பார்க்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது. நெல் விளைச்சல் விழுந்தது. இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேறு விஷயம். ஒரு பக்கக் கணக்கை வைத்துத் தேசியக் கொள்கை எழுதப்பட்டதுதான் இங்கே பிரச்சினை.

சதுப்பில் படிக்கும் பாடம்

கொழும்பில் இந்தத் துறையைப் படிப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆய்வுக்கூடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாவல, கிருலப்பனை, கொலன்னாவை, பெத்தகான, தலவத்துகொடை என்று நகரைச் சுற்றிச் சதுப்பு நிலங்கள் கிடக்கின்றன. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்னும் அங்கே நடமாடுகின்றன. 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக 18 நகரங்கள் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்டபோது கொழும்பும் அதில் ஒன்று. இந்தப் பெருமையைப் பேசுபவர்கள் அதற்கு முன் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அதன் பிறகுதான் உலக வங்கிக் கடனோடு பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம் வந்தது. சதுப்பு என்பது நிரப்பி விற்கக் காத்திருக்கும் காணியல்ல, மழைநீரைத் தாங்கி வைக்கும் கட்டுமானம் என்று பொறியியலாளர்களும் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

அதற்கும் முன்பே ஒருவகையில் அந்தக் கணக்கு போடப்பட்டிருந்தது. 2003இல் முத்துராஜவெல சதுப்பின் பொருளாதாரப் பெறுமதியை மதிப்பிட்டபோது வருடத்துக்கு ஏறத்தாழ 726 மில்லியன் ரூபாய் வந்தது. மீனும் விறகும் அதில் சிறு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு, வெள்ளத்தைத் தாங்கும் சேவைக்கு. சதுப்பு இல்லாமல் போனால் அதே நீரைக் கையாள வாய்க்கால் வெட்டி, பம்பி நிலையம் கட்டி, நடத்துவதற்கு என்ன செலவாகும் என்று பார்த்து எடுத்த தொகை அது. இந்த முறையில் குறை இருக்கிறது. மனிதருக்குப் பயன்படாத உயிருக்கு இதில் விலையே இல்லை. ஆனால் நிதியமைச்சில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, "அங்கே அழகான பறவைகள் இருக்கின்றன" என்று சொல்வதற்கும் இந்தத் தொகையை மேசையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

அளப்பது என்றால் கையால் என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கலாம். ஒரு சதுப்பின் மண்ணில் எவ்வளவு காபன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஒரு குழாயை நேராக உள்ளே இறக்குவார்கள். இறக்கும்போது மண் அமுங்கும். வெளியே எத்தனை சென்ரிமீற்றர், உள்ளே எத்தனை என்று அங்கேயே குறித்துக்கொள்ளாவிட்டால் அதன் பிறகு வரும் எந்த இலக்கத்துக்கும் மரியாதை இல்லை. வெளியே எடுத்த மண் உருளையை ஐந்து ஐந்து சென்ரிமீற்றராக வெட்டிப் பையிலிட்டுப் பெயர் ஒட்டுவார்கள். ஆய்வுக்கூடத்தில் எடை மாறாமல் நிற்கும் வரை அடுப்பில் காயவைத்து நிறுப்பார்கள். காய்ந்த எடையை ஆரம்பக் கனவளவால் பிரித்தால் மண்ணின் பரும அடர்த்தி. பிறகு சிறு கிண்ணத்தில் வைத்து 550 பாகை செல்சியஸில் சில மணி நேரம் எரிப்பார்கள். கறுத்த மண் சாம்பல் நிறமாகிவிடும். எரிந்து போன எடைதான் சேதனப் பொருள், அதில் பாதியளவு காபன். காபனின் பங்கைப் பரும அடர்த்தியாலும் ஆழத்தாலும் பரப்பாலும் பெருக்கினால் சதுப்பு முழுவதுக்குமான தொகை வரும்.

பெருக்கும் இடத்தில்தான் ஆபத்து. நூறு ஹெக்டயருக்கு ஐந்து இடத்தில் மட்டும் மண் எடுத்தால் அந்த ஐந்தும் முழுச் சதுப்பையும் பேசுமா? எந்த இடத்தில் எடுப்பது, எத்தனை எடுப்பது, பிழையின் எல்லை எவ்வளவு என்று சொல்லத் தெரிவதுதான் முதுமாணியில் படிக்க வேண்டிய சரக்கு. குழாய் இறக்க இரண்டு நாளில் பழகிவிடலாம். புள்ளிவிபரவியலை ஒதுக்கிவிட்டு இந்தத் துறையில் கரையேற முடியாது. உயிரியல் பிள்ளைகள் கணிதத்துக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வந்தோம் என்பார்கள். பாவம், அது இங்கேயும் காத்திருக்கிறது.

இன்னொன்று. சதுப்பில் நீர் தேங்கி நிற்பதால் மண்ணுக்குள் ஒட்சிசன் போவதில்லை. சேதனப் பொருள் முழுதாக உடைவதில்லை, காபன் அங்கேயே தங்கிவிடுகிறது. வடிகால் வெட்டி நீரை இறக்கினால் அது காபனீரொட்சைட்டாக வெளியேறும். அதனால் சதுப்பைக் காப்பது காலநிலைக்கும் நல்லது என்கிறார்கள். சரிதான். ஆனால் அதே ஒட்சிசன் இல்லாத மண்ணில்தான் மெதேன் பிறக்கிறது. 100 வருடக் கணக்கில் பார்த்தால் மெதேன் ஒரு கிலோ, காபனீரொட்சைட்டு 27, 28 கிலோவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். கழிவுநீர் கலந்த நகரச் சதுப்பில் அது இன்னும் கூடலாம். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் காபன் வரவு (பிடித்து வைத்த காபனுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) கேட்பவரையும், மறுபக்கத்தை மட்டும் சொல்லிச் சதுப்பை நிரப்பக் கேட்பவரையும் அடையாளம் காண்பது ஒரு தொழில்.

நட்டால் மட்டும் போதாது என்பதற்குக் கண்டல் தாவரங்களின் கதை இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் எங்கும் கண்டல் நடும் வேலைத்திட்டங்கள் நடந்தன. படம் எடுத்தார்கள், பலகை வைத்தார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டயர் வரைதான் ஒழுங்காக வளர்ந்திருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. கண்டலுக்கு நிலத்தின் உயரமும் வற்றுப்பெருக்கும் பொருந்த வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் எவ்வளவு நேரம் நீரில் மூழ்கலாம் என்று ஓர் அளவு உண்டு. பெரும்பாலும் ஒரே வகைக் கன்றை, நட வசதியான இடத்தில், நட்டுவிட்டுப் போனார்கள். மாடு மிதித்தது, பாசி மூடியது, பார்க்க ஆள் இல்லை. நிலமட்டம் பார்க்கும் கருவியோடு ஒருவர் முதலில் போயிருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி தப்பியிருக்கும். பாடம் படித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2024இல் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

வேலை எங்கே?

அரச துறையை முதலில் பார்ப்போம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. இவற்றில் வெற்றிடம் வர்த்தமானியில் வரும்போதுதான் வரும், பரீட்சையும் நேர்முகமும் முடிந்து கடிதம் கைக்குக் கிடைக்கக் காலம் எடுக்கும். காத்திருக்கக்கூடியவருக்கு நல்ல வேலை.

அடுத்தது ஆலோசனை நிறுவனங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்ட பிறகு, குறிப்பிட்ட வகைப் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அறிக்கையைப் பொதுமக்கள் 30 வேலைநாட்களுக்குப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அந்த அறிக்கையை எழுதும் குழுவில் தாவரம், விலங்கு, நீர், சமூகம் என்று ஆட்கள் தேவை. புதிதாக வருபவர் விடியற்காலையில் பறவை எண்ணுவதிலும் நீர் மாதிரி எடுப்பதிலும் தொடங்குவார். அனுபவம் நிறையக் கிடைக்கும். ஆனால் இந்த முறையில் ஒரு கோணல் இருக்கிறது: திட்டத்தைக் கட்டப் போகிறவரேதான் ஆலோசகருக்குச் சம்பளமும் கொடுக்கிறார். மோசமான முடிவை மென்மையாக எழுதச் சொல்லும் அழுத்தம் இந்த வேலையில் கூடவே வரும். அதைப் பல்கலைக்கழகத்தில் யாரும் பாடமாக எடுப்பதில்லை.

மூன்றாவது இடம்தான் நம்மவர்கள் தேடாத இடம், கணக்காளர்களின் மாடி. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஏற்றுக்கொண்ட நிலைபேறு வெளிப்படுத்தல் நியமங்கள், 2025 ஜனவரி முதல் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளில் தொடங்கிப் படிப்படியாக அமுலுக்கு வருகின்றன. காலநிலை அபாயம் கம்பனியின் வரவு செலவை எப்படிப் பாதிக்கும் என்று இனி நிதி அறிக்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்திய வங்கி 2022இல் பசுமை நிதி வகைப்பாட்டை வெளியிட்டது. எந்தக் கடனைப் பசுமைக் கடன் என்று அழைக்கலாம் என்று வங்கிக்கு அளவுகோல் வந்துவிட்டது. இதைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் வேண்டும். கணக்காளருக்கு இலக்கம் தெரியும், காடு தெரியாது. சூழலியலாளருக்குக் காடு தெரியும், நிதிநிலைக் கூற்று தெரியாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் இப்போது அழைப்பு வருகிறது.

ஓர் ஆடைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை மூன்று வட்டமாகப் பிரிப்பார்கள். கொதிகலனில் எரிப்பதும் சொந்த வாகனம் ஓடுவதும் முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பஞ்சு விளைந்த வயலிலிருந்து, வாங்கியவர் உடுத்திக் கழிக்கும் வரை மற்றதெல்லாம் மூன்றாவது. பெரும்பாலான தொகை இந்த மூன்றாவதில்தான் கிடக்கும், தரவு கிடைப்பதும் அதில்தான் கஷ்டம். முதல் வட்டத்திலேயே ஒரு சுவாரசியம் உண்டு. கொதிகலனில் உலை எண்ணெய்க்குப் பதில் இறப்பர் விறகோ கிளிரிசிடியாவோ எரித்தால், அதன் காபனீரொட்சைட்டை முதல் வட்டத்தில் சேர்க்காமல் தனியாகக் காட்டலாம் என்பது விதி. அறிக்கையில் தொகை பளிச்சென்று இறங்கிவிடும். ஆனால் அந்த இறப்பர் காணியில் மறுபடி கன்று வைத்தார்களா, இல்லை வீடு கட்டினார்களா? கணக்காளருக்கு இந்தக் கேள்வி தோன்றாது. சூழற்றொகுதி படித்தவருக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அந்தப் படிப்புக்குக் கொடுத்த காசு வீண்.

ஐரோப்பாவின் எல்லைக் காபன் வரி (இறக்குமதிப் பொருளை உற்பத்தி செய்யும்போது வெளியேறிய காபனுக்கு விதிப்பது) வந்ததால்தான் ஆடைத் துறைக்கு இந்த அவசரம் என்று அடிக்கடி கேட்கிறோம். அந்த வரியின் பட்டியலில் இருப்பது இரும்பு, அலுமினியம், சீமெந்து, உரம், ஐதரசன், மின்சாரம். உடுப்பு அதில் இல்லை. ஆடைத் துறையை நெருக்குவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கேள்விக்கொத்துகள்தான். நேர்முகத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இவற்றைத் தவிர பத்தரமுல்லயில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் இலங்கை அலுவலகம் போன்றவையும் உண்டு. நல்ல இடங்கள். வேலைகள் திட்ட நிதியோடு வரும், நிதி முடிந்தால் போய்விடும்.

தமிழ் பேசுபவருக்கு ஒரு வாய்ப்பு

வடக்கு கிழக்கில் நடக்கும் சுற்றாடல் விவகாரங்கள் பல கொழும்பில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய், குடிநீர்க் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 2019இல் 20 மில்லியன் ரூபாய் நட்டஈட்டுக்கு உத்தரவிடப்பட்டது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' 2020 டிசம்பரில் தொடங்கியது. அடுத்து வரவிருந்த இந்திய நிறுவனத்தின் பெரிய திட்டம் வழக்கு, விலைச் சர்ச்சை எல்லாம் சேர்ந்து 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. மத்திய ஆசியப் பறவைகள் வந்திறங்கும் பாதையில் இருக்கிறது மன்னார். பக்கத்தில் ராம்சார் இடமான வங்காலை. மீனவர் கேட்பது வேறு: கோபுரத்துக்குப் போட்ட வீதி மழைநீர் வடியும் வழியை அடைக்குமா, மீன் விலகிப் போகுமா? இரண்டு கேள்வியும் அளந்து பதில் சொல்லக்கூடியவை. அளப்பதற்கு முன் அந்த மக்களோடு உட்கார்ந்து, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீர் ஓடும் என்று கேட்டு எழுத வேண்டும். அதைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதி, திணைக்களத்தில் சிங்களத்தில் வாதாடக்கூடிய சூழலியலாளர்கள் மிகக் குறைவு. இப்படி ஒருவர் வேலை தேடுகிறார் என்றால் அவரைத் தேடி நாலு பேர் வருவார்கள்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொடுத்த பாடமும் இங்கே பொருந்தும். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த அந்தக் கப்பலில் இருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் சேர்ந்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. இப்படியான வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "முன்பு எப்படி இருந்தது?" என்றுதான். விபத்துக்கு முந்தைய மீன், ஆமை, மண், நீர் பற்றிய தரவு இல்லாவிட்டால் சேதத்தை நிறுவுவது பெரும்பாடு. மாணவர் ஒருவர் யாரும் வாசிக்காத ஆய்வுக்கட்டுரைக்காக எடுத்த இலக்கங்கள் பிறகொரு நாள் சாட்சியாக நிற்கலாம். மன்னார்க் கடலுக்கும் முல்லைத்தீவுக் கடலுக்கும் அப்படி எத்தனை இலக்கங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று யோசித்தால் கவலையாக இருக்கிறது.

எந்தப் படிப்பு?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் நிலை, குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் நிலை, 60 கிரெடிட். அதற்கு மேல் தத்துவமுதுமாணி 11, கலாநிதி 12. கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் எல்லாம் சுற்றாடல் சார்ந்த முதுமாணிகளை நடத்துகின்றன. பெரும்பாலும் சனி ஞாயிறு வகுப்பு, ஆங்கில மொழிமூலம். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, அதே கம்பனியில் நிலைபேறுப் பிரிவுக்கு மாற விரும்புபவருக்கு 9ஆம் நிலை போதும். கையில் ஒரு திறமையும் இல்லாமல் புதிதாக வருபவர் 9ஐ எடுத்தால் இன்னொரு சான்றிதழ் சேரும், அவ்வளவுதான். அவருக்கு 10 நல்லது. ஆய்வு செய்யும்போதுதான் அளக்கவும் பிழை விடவும் பழகுவார். கலாநிதிக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் ஆய்வு உள்ளதுதான் கைகொடுக்கும்.

வெளிநாடு போவதென்றால் இரண்டு பாதை. அமெரிக்காவில் ஆய்வு முதுமாணிக்குப் பேராசிரியர் ஒருவரின் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணமும் கைச்செலவும் கிடைக்க வாய்ப்புண்டு. தொழில்சார் முதுமாணிக்குப் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்குப் பதில் நிறுவனத்தில் பயிற்சி வைக்கும் தொழில்சார் விஞ்ஞான முதுமாணிகள் அங்கே 1997 முதல் வளர்ந்தவை. கொலராடோ அரச பல்கலைக்கழகத்தில் சூழற்றொகுதி விஞ்ஞானமும் நிலைபேறும் என்றே ஒரு துறை இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 1967இல் தொடங்கிய இயற்கை வளச் சூழலியல் ஆய்வுகூடத்தில்தான் மண் காபனைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் செஞ்சுரி மாதிரியுரு உருவானது. பசுங்குடில் வாயுக் கணக்கியலுக்கென்றே தனி முதுமாணியும் அங்கே உண்டு. பிரித்தானியா என்றால் ஒரு வருடம். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், பட்டம் முடித்த கையோடு விண்ணப்பிக்க முடியாது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிகளில் அந்த நிபந்தனை பொதுவாக இல்லை. நம்மவர்கள் அதற்கு இன்னும் அதிகமாக விண்ணப்பிக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும், கட்டணம் கட்டும் முன் இணைப்பாளரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். வரைபடத் தரவைக் கையாளும் ஜி.ஐ.எஸ்., புள்ளிவிபரத்துக்கான ஆர் மென்பொருள் இரண்டும் கணினி முன் உட்கார்ந்து செய்யும் பாடமா, விரிவுரை மட்டுமா? மண் எரிக்கும் உலை மாணவருக்குக் கிடைக்குமா? போன தொகுதி மாணவரில் எத்தனை பேர் ஆய்வை ஒப்படைத்தார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். வகுப்புகளை முடித்துவிட்டு ஆய்வில் மாட்டிக்கொண்டு டிப்ளோமாவோடு வெளியேறுபவர்கள் இந்தத் துறையில் அதிகம். சோம்பல் மட்டும் காரணமல்ல. காப்பகத்துக்குள் மாதிரி எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், ஒதுக்குக் காடென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி. அது வருவதற்குள் மாதங்கள் போய்விடும். கொழும்புச் சதுப்பு ஒன்றில் வேலை செய்பவருக்கு மே மாதத் தென்மேல் மழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும் இரண்டும் தரவில் இருக்க வேண்டும். அனுமதி ஜூனில் வந்தால் ஒரு மழை போய்விட்டது, அதற்காக அடுத்த மே வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே தலைப்பு முழுதாக முடிவாகாவிட்டாலும், முதல் அரையாண்டிலேயே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி அனுமதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.